பின்னறையில் ஒரு நெருப்பு

நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் சின்னுதான். வேலை, பல் செய்வது. பல் வைத்தியர் இல்லை. வைத்தியர் நம் வாய்க்குள் மாட்டிவிடுகிற பல்லை, எங்கோ ஒரு பட்டறையில் குனிந்து உட்கார்ந்து செய்து கொடுக்கிற ஆள். இந்த வித்தியாசத்தை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. விளக்கி முடித்ததும் எதிரே இருப்பவர் தவறாமல் வாயைத் திறந்து, "இந்தக் கடைவாய்ப் பல்லு மட்டும் கொஞ்சம் கூசுது, பாருங்களேன்" என்பார்.

நாள் முழுக்க வெள்ளையோடுதான் குடித்தனம். வெள்ளையில் பதினாறு வகை உண்டு என்று பல் செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பால் வெள்ளை, எலும்பு வெள்ளை, காபி குடித்த வெள்ளை, சிகரெட் பிடித்துவிட்டு இல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிற வெள்ளை. இத்தனை வருடமாக அந்தப் பதினாறுக்குள்ளேயே உட்கார்ந்து அவளுக்கு நிறம் என்ற ஒன்றே மறந்துபோய்விட்டது என்று சொன்னால் அது மிகை. ஆனால் கொஞ்சம்தான் மிகை.

அப்படிப்பட்டவள் ஒரு விடுமுறையில் கண்ணாடி மணி செய்யும் வகுப்புக்குப் போனாள். கூட வேலை செய்கிறவள் பணம் கட்டிவிட்டுக் காய்ச்சலில் படுத்ததால் கிடைத்த இடம். மேசையில் பொருத்திய பர்னர், அதிலிருந்து சீறுகிற நெருப்பு, நெருப்பில் காட்டினால் தேனாகத் தொங்குகிற கண்ணாடிக் குச்சி. இன்னொரு கையில், களிமண் குழம்பில் முக்கிக் காயவைத்த மெல்லிய கம்பி. உருகுகிற கண்ணாடியை அந்தக் கம்பியைச் சுற்றி வாங்கிக்கொண்டு, திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். ஆறிய பிறகு கம்பியை உருவினால், நடுவில் துளையோடு ஒரு மணி. சொல்லப்போனால் இவ்வளவுதான் விஷயம். அவள் எடுத்தது நீலக் குச்சி. நெருப்பில் இருந்தவரை அது ஆரஞ்சு நிறத்தில் தகதகத்தது. வெளியே எடுத்ததும் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நீலமாகத் திரும்பியது. "ஐயோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் தன் மணியைக் கீழே போட்டுவிட்டார்.

அன்றைக்குச் செய்த மணி கோணல். ஒரு பக்கம் தொப்பை வேறு. அவளுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பைக்குள் கையை விட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தவள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பி நடந்து வருவதற்குள் முடிவு செய்தாகிவிட்டது. வீட்டிலேயே ஒரு பட்டறை போடுவது. பின்னால் இருக்கிற துணி துவைக்கும் அறையில்.

முடிவு செய்வது சுலபம். அந்த வீட்டில் பெரியவள் என்று ஒருத்தி இருந்தாள்.

பெரியவள் அவளுக்கு அக்கா. ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவில் நர்ஸ். அப்பா இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டுப்போன வீட்டில் அக்காவும் அத்தானும் சின்னுவும் ஒன்றாக இருந்தார்கள். பெரியவள் வார்டில் நடப்பதை வீட்டில் பேசமாட்டாள். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும், அடுப்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வாணலிப் பிடியை உள்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அவள் வாய் திறந்து சொல்லாததெல்லாம் அந்தக் கையில் தெரியும்.

"அக்கா, பின்னால அந்த ரூம் சும்மாதானே கிடக்குது?" என்று ஆரம்பித்தாள் சின்னு.

"கிடக்கட்டும். உன்னை என்ன பண்ணுது அது?"

சின்னு மென்று விழுங்கி, ஒரு வழியாகச் சொல்லி முடித்தாள். பெரியவள் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள். வைத்த சத்தமே பாதி பதில்.

"நெருப்பு. கேஸ். ஆக்சிஜன். ஏண்டி, நான் வேலைக்குப் போற இடத்தை வீட்டுக்கே கொண்டு வரப் பார்க்கிறியா?"

சின்னு ஒற்றைக் காலில் நின்றாள். காலையில் நின்றாள், சாயங்காலம் நின்றாள், பல் தேய்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் அத்தான்தான் நடுவில் வந்தார். அவர் ஏ.சி. மெக்கானிக். கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் போடுகிற ஆள், நல்ல கைகாரர், வீட்டில் மட்டும் வாயைத் திறக்கும் முன் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பவர். அன்றைக்குப் பார்க்காமலே பேசிவிட்டார்.

"காத்து சமாச்சாரம் என் பொறுப்பும்மா. புகையை இழுத்து வெளியே விடுறதுக்கு நானாச்சு."

பெரியவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி. ஏற்பாடெல்லாம் பண்ணிக்கோ. ஆனா நான் பார்க்காம ஒரு தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை வந்து பார்ப்பேன். மனசுக்குச் சரியாப் பட்டுச்சுன்னா வெச்சுக்கோ. இல்லன்னா அன்னைக்கே மூட்டை கட்டிடணும், பேச்சே கிடையாது. அப்புறம் அழுவுறது, சாப்பிடாம கிடக்கிறது எல்லாம் கூடாது."

"அதெல்லாம் பத்து வயசுலக்கா!"

"முப்பத்தஞ்சுலயும் ஒரு தடவை பண்ணின. இன்னொண்ணும் சொல்லிட்டேன். வாசனைன்னு ஒரு துளி வீட்டுக்குள்ள வரக் கூடாது. நைட் டியூட்டி முடிச்சிட்டு நான் பக்கத்து ரூம்லதான் தூங்குறேன். தூக்கத்துல அந்த வாசனை வந்துச்சுன்னா எழுந்து ஓடிடுவேன்."

கடைசி வார்த்தையை அவள் சிரிக்காமல் சொன்னாள். சின்னுவும் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முழு 'வேண்டாம்' இல்லை, பாதி 'சரி'. பாதி 'சரி'யை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதை அந்த வீடு அடுத்த சில வாரங்களில் பார்த்தது.

வாஷிங் மெஷின் சமையலறை மூலைக்குக் குடிபோனது. பின்னறையில் இருந்த திரைச்சீலை, பிளாஸ்டிக் பாய், பழைய பேப்பர் கட்டு, எரியக்கூடியது என்று எதெல்லாம் உண்டோ அதெல்லாம் வெளியேறியது. கனமான ஒரு மர மேசை வந்தது. அதன் மேல் சிமென்ட் பலகை, பலகையின் மேல் எஃகுத் தகடு. தகட்டை முடுக்கிய அன்று சின்னு அதைத் துடைத்தாள், தடவினாள், குனிந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டாள். பர்னரை மேசை விளிம்பில் இறுக்கிவிட்டு, ஏற்றாமலே எதிரில் உட்கார்ந்து வெறும் கையால் கம்பி திருப்பிப் பழகினாள். உயரம் சரியில்லை என்று நாற்காலியின் காலை அறுத்தாள். பிறகு ரொம்ப அறுத்துவிட்டோம் என்று கட்டை வைத்தாள்.

கேஸ் சிலிண்டர் வீட்டுக்கு வெளியே, பின்சுவருக்கு அந்தப் பக்கம், நிழலில் நின்றது. சுவரைத் துளைத்து இரும்புக் குழாய் வழியாகத்தான் கேஸ் உள்ளே வர வேண்டும். நெருப்பு பின்வாங்கிக் குழாய்க்குள் ஓடாமல் தடுக்கிற வால்வும் உண்டு. ஆக்சிஜனுக்கு சிலிண்டர் வேண்டாம், மெஷின் போதும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அறையிலிருக்கிற காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின், பழையதாக ஒன்று கிடைத்தது. அதை உருட்டிக்கொண்டு வந்தபோது பெரியவள் எதிரே நின்றுவிட்டாள்.

"இதை மூச்சுத் திணறுறவங்களுக்குல்ல வைப்போம். நீ கண்ணாடிக்கு வைக்கப் போறியா?"

"கண்ணாடிக்கும் மூச்சு வேணும்க்கா."

"வாய் மட்டும் இருக்குடி உனக்கு."

சொல்லிவிட்டுப் பெரியவள் குனிந்து, மெஷினின் பின்னால் இருந்த வடிகட்டியைக் கழற்றிப் பார்த்து, "தூசி அடைச்சிருக்கு, கழுவிப் போடு" என்று நீட்டினாள். அன்று முழுக்க சின்னு அந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நினைத்துக் குதித்தாள். கழுவிப் போடு என்றால் என்ன அர்த்தம்? வைத்துக்கொள் என்றுதானே? இல்லையா, அத்தான்? அத்தான் தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

செய்த மணியை அப்படியே வெளியில் ஆறவிட்டால் விரிசல் விடும். அதை மெதுவாக, தூங்கவைப்பது போல ஆறவைக்க, கையகலக் கதவு வைத்த சின்ன மின்சூளை ஒன்று மேசையின் வலப்பக்கம் உட்கார்ந்தது. நெருப்பில் கண்ணாடி பட்டால் கிளம்புகிற மஞ்சள் ஒளி கண்ணை மறைக்காமல் இருக்க, ஊதா நிறத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது. பிறகு ஒரு நாள் கண்ணாடிக் குச்சிகளே வந்தன. எல்லாம் ஒரே வகையாக வாங்க வேண்டும். வகை மாறிய இரண்டைச் சேர்த்து உருக்கினால், ஒட்டினது போல ஒட்டி, ஆறும்போது ஒன்றையொன்று உதறிக்கொண்டு வெடித்துவிடும். மனிதர்களாவது கொஞ்ச நாள் தாங்குவார்கள். பெட்டியைப் பிரித்து, குச்சிகளை மேசையில் வரிசையாக அடுக்கியபோது சின்னுவுக்கு மூச்சு நின்றது. சிவப்பு, பச்சை, தேன் நிறம், நீலத்திலேயே எத்தனை நீலம்! வெள்ளைக் குச்சியும் ஒன்று இலவசமாக வந்திருந்தது. அதை எடுத்து அலமாரியின் பின்னால் போட்டாள்.

அத்தான் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. மூடிப்போன ஏதோ ஒரு பெரிய ஹோட்டலின் சமையல்கூடத்திலிருந்து ஒரு விசிறி கொண்டுவந்தார். பத்து அடுப்பின் புகையை ஒரே மூச்சில் இழுக்கிற விசிறி. மேசைக்கு மேலே தகரக் கூண்டு கட்டி, அதிலிருந்து குழாய் போட்டு, கூரைக்கு வெளியே விட்டார். பழைய பேப்பர் ஒன்றைக் கூண்டின் கீழே பிடித்து விசிறியைப் போட்டதும் பேப்பர் பறந்து போய் ஒட்டிக்கொண்டது. இன்னும் கிட்டப் போனார். அவருடைய தொப்பியும் போய் ஒட்டிக்கொண்டது. சின்னு கைதட்டினாள்.

அடுத்து வாசனைப் பிரச்சினை. இங்கேதான் அத்தானின் தொழில் அவரைப் பிடித்து ஆட்டியது. இடுக்கு என்று ஒன்றைக் கண்டால் ஏ.சி. மெக்கானிக்குக்குத் தூக்கம் வராது. கதவைச் சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டினார். ஜன்னலின் விளிம்பெல்லாம் கோந்து வைத்து அடைத்தார். குழாய் நுழைகிற துளையைப் பூசினார். கதவை மூடி வைத்துக்கொண்டு, அடியில் ஒரு நூலைக் கூட நுழைக்க முடியாது என்று முயன்று காட்டினார். விசிறியைத் தனியாகச் சோதித்தாகிவிட்டது, கதவைத் தனியாகச் சோதித்தாகிவிட்டது. இரண்டையும் சேர்த்துச் சோதிக்க அந்த இரண்டு புத்திசாலிகளுக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவள் பார்க்க வந்தாள். சின்னு விடிந்ததிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி பின்னறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். பெரியவளோ நிதானமாகக் காபி குடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் முதலில் மேசையைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தாள். சட்டைக் கையை இரண்டு விரலால் கசக்கினாள்.

"பருத்தியா?"

"சுத்தப் பருத்தி."

"முடி?"

சின்னு திரும்பிக் காட்டினாள். கொண்டை இறுக்கமாக இருந்தது.

"கை சுட்டுடுச்சுன்னா?"

"ஓடுற தண்ணியில பிடிப்பேன். நீ போதும்னு சொல்ற வரைக்கும்."

"பேஸ்ட்டு, எண்ணெய்?"

"சத்தியமாத் தடவ மாட்டேன்."

"மேசையில ஏதோ பத்திக்கிச்சு. முதல்ல என்ன பண்ணுவ?"

"ஓடிப்போய் வெளியே சிலிண்டரை மூடுவேன். அணைக்கிறதெல்லாம் அப்புறம்தான்."

பெரியவள் தலையை ஆட்டவும் இல்லை, உதட்டைப் பிதுக்கவும் இல்லை. குழாயை முறுக்கிப் பார்த்தாள், மூலையில் மாட்டியிருந்த தீயணைப்பானின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தாள், வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டே பார்த்தாள். கண்கொத்திப் பாம்பாக அறை முழுக்க ஒரு சுற்று வந்தாள். பிடித்துக்கொள்ள ஒரு பிடியும் கிடைக்கவில்லை.

"சரி, ஏத்து. நான் கதவுக்கு வெளியே நிக்கிறேன். வாசனை வருதான்னு பார்க்கணும்."

சின்னு விசிறியைப் போட்டாள். கூடத்தைப் பார்த்துத் திறந்திருந்த கதவு தானாகவே வந்து சாத்திக்கொண்டது. என்ன இழுவை! அத்தான் அத்தான்தான் என்று மெச்சிக்கொண்டே உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். கேஸைத் திறந்து பற்றவைத்தாள். மஞ்சளாக, சோம்பலாக ஒரு நெருப்பு. ஆக்சிஜனைத் திறந்தாள், நெருப்பு இழுத்துப் பிடித்துக்கொண்டு, நீலமாக, உஸ்ஸென்று நிமிர்ந்தது. தன் வீட்டில். தன் மேசையில். கத்த வேண்டும்போல் இருந்ததை உதட்டைக் கடித்து அடக்கினாள்.

நீலக் குச்சியை நெருப்பின் ஓரத்தில் காட்டிச் சூடேற்றி, மெல்ல உள்ளே கொண்டுபோனாள். நுனி சிவந்தது, உருண்டது, தொங்கியது. கம்பியில் தொட்டுச் சுற்றினாள். கை நடுங்கவில்லை, இத்தனை வருடம் பல் செய்த கை. நடுவில் எங்கிருந்தோ குடுகுடுவென்று ஒரு சத்தம் வந்தது. தரையில், முன்பு துவைத்த தண்ணீர் போகிற துளை. பிறகு அதிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பியது, சாக்கடையே எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. நெருப்பும் நேராக நிற்காமல் அசைந்தது. சின்னு மூக்கைச் சுளித்துக்கொண்டாள், ஆனால் திருப்புவதை நிறுத்தவில்லை. நிறுத்துகிற நிலையிலா அவள் இருந்தாள்? மணி உருண்டு வந்துகொண்டிருந்தது, தொப்பையில்லாமல், வழுவழுப்பாக. அதைச் சூளைக்குள் வைத்து மூடினாள். ஆக்சிஜனை நிறுத்தினாள், கேஸை நிறுத்தினாள். எழுந்து ஓடிக் கதவைத் தள்ளினாள்.

கதவு அசையவில்லை.

தோளை வைத்துத் தள்ளினாள். தாழ்ப்பாள் போடவில்லை, பூட்டு இல்லை. ஆனாலும் யாரோ நாலு பேர் அந்தப் பக்கம் சாய்ந்து நிற்பதுபோல் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தப் பக்கம் யாரும் தள்ளவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து விசிறி இழுக்கிறது. இழுக்கக் காற்று இல்லாமல் சாக்கடைத் துளையிலிருந்து உறிஞ்சுகிறது, கதவைப் பிடித்து உறிஞ்சுகிறது. விசிறியின் சுவிட்ச் எங்கே? மேசைக்கு மேலே, பர்னருக்கு நேர் பின்னால். மேசையில் ஏதோ பற்றிக்கொண்டால், ஓடிப்போய் சிலிண்டரை மூடுவேன் என்று சற்றுமுன் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னவள், அப்படி ஒன்று நடந்தால் எரிகிற நெருப்புக்கு மேலே கையை நீட்டினால்தான் இந்த அறையை விட்டே வெளியேற முடியும்.

எட்டிச் சுவிட்சை அணைத்தாள். விசிறி நின்றது. கதவு ஒன்றுமே நடக்காத மாதிரி திறந்தது.

வெளியே பெரியவள், தான் தூங்குகிற அறையின் வாசலில், கண்ணை மூடி, மூச்சை இழுத்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணைத் திறந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஒண்ணும் வரல. ஒரு துளி வரலடி."

"அக்கா..."

"சரி. வெச்சுக்கோ."

அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இத்தனை வாரமும். சின்னுவுக்குக் கத்தவும் வரவில்லை, அழவும் வரவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டாள். அத்தான் பின்னாலிருந்து, "நான் சொன்னேன்ல? ரப்பர் போட்டா ரப்பர்!" என்று மார்தட்டினார். பெரியவள் சிரித்துக்கொண்டே காபி போட உள்ளே போனாள். அவள் தலை மறைந்ததும் சின்னு அத்தானின் கையைப் பிடித்துப் பின்னறைக்குள் இழுத்துக்கொண்டு போய், விஷயத்தைக் கிசுகிசுத்தாள். அத்தானின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தான் ஒட்டிய பட்டையைப் பார்த்தார்.

"ஐயையோ, உள்ளே வர்ற காத்துக்கு வழியே விடலியே நான்! இத்தனை வருஷமா இதே வேலை!" என்று தலையில் தட்டிக்கொண்டார். உடனே குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு சின்னு, வாயைத் திறக்காதே. நாளைக்கு அவ டியூட்டிக்குப் போனதும் ஜன்னல்ல ஓட்டை போட்டுடறேன். சுவிட்சையும் மாத்திடறேன். காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுடும். தெரிஞ்சா உன் பட்டறையும் போச்சு, என் மானமும் போச்சு."

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஒரே நாள் வேலை. யாருக்கும் நஷ்டமில்லை. சின்னு தலையாட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பெரியவள் மூன்று டம்ளர் காபியோடு வந்தாள். அவள் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்து வெகுநாளாயிற்று.

"உனக்குத் தெரியாதுடி," என்றாள் பெரியவள். "நீ இதை ஆரம்பிச்சதுல இருந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்ல. வார்டுக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் பார்க்கிறப்ப உன் மூஞ்சிதான் ஞாபகம் வரும். இன்னைக்குத்தான் நிம்மதியாப் படுப்பேன்."

சின்னு காபியைக் கீழே வைத்துவிட்டாள். அத்தான் எதிரே உட்கார்ந்து கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்று சைகை செய்துகொண்டிருந்தார். அவள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, அந்தக் கதவு திறக்கல."

"எந்தக் கதவு?"

"விசிறி ஓடுறப்ப உள்ளே இருந்து திறக்க முடியல. அணைச்சப்புறம்தான் திறந்துச்சு."

பெரியவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து பின்னறைக்குள் போனாள். விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. கதவு வந்து சாத்திக்கொண்டது. வெளியே இரண்டு பேரும் நின்றார்கள். உள்ளிருந்து ஒரு முறை கதவு முனகியது. பிறகு இன்னொரு முறை, பலமாக. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி உரம் ஏறிய தோள் அது. ஆனாலும் கதவு திறக்கவில்லை. பிறகு தள்ளுவது நின்றது. அந்த நேரத்தில் சின்னு மனதுக்குள் எல்லாவற்றையும் இழந்துவிட்டாள். பர்னர் போயிற்று, சூளை போயிற்று, அத்தனை நிறமும் போயிற்று. விசிறி நின்றது. கதவு திறந்தது. பெரியவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க இது? ரூம் கட்டியிருக்கீங்களா, இல்ல பாட்டில் கட்டி மூடி போட்டிருக்கீங்களா?"

அத்தான் தரையைப் பார்த்தார். "வாசனை வரக் கூடாதுன்னு சொன்னியே..."

"வாசனை வரக் கூடாதுன்னுதான் சொன்னேன். ஆள் வெளியே வரக் கூடாதுன்னா சொன்னேன்? அந்தச் சுவிட்சை நெருப்புக்குப் பின்னால வெச்ச மகராசன் யாரு?"

மகராசன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். சின்னு மெதுவாக உள்ளே போய், கண்ணாடிக் குச்சிகளை நிறம் நிறமாகச் சேர்த்து, வந்த பெட்டிக்குள்ளேயே அடுக்க ஆரம்பித்தாள். அழக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அழவில்லை. குச்சிகள்தான் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

"என்னடி பண்ற?"

"எடுத்து வைக்கிறேன். அன்னைக்கே மூட்டை கட்டணும்னு பேச்சு."

பெரியவள் வாசலில் நின்று அவளையே பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஸ்க்ரூடிரைவர் எங்க?"

"எதுக்கு?"

"எதுக்கா? கதவைக் கழட்டுறதுக்கு. ரப்பர் ஒட்டுறதுக்கா கேட்பேன்?"

அத்தான் கொண்டுவந்து கொடுத்ததை அவர் கையிலிருந்து பிடுங்கி, கீல் திருகுகளைத் தானே கழற்றினாள். கடைசித் திருகு வந்ததும் கதவு ஒரு பக்கமாகச் சாய, அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்சுவரில் சாய்த்தார்கள். அதற்குள் அத்தான் சுவிட்சைப் பிடுங்கி நிலைப்படி ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் அவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

கூடத்து ஜன்னலைத் திறந்துவிட்டு விசிறியைப் போட்டார்கள். காற்று ஜன்னல் வழியாக வந்து, கூடத்தைக் கடந்து, திறந்த நிலைப்படி வழியாகப் பின்னறைக்குள் போய், மேசையைத் தாண்டிக் கூண்டுக்குள் ஏறியது. சாக்கடைத் துளை வாயை மூடிக்கொண்டது. பெரியவள் தன் பையிலிருந்து காயம் கட்டுகிற மெல்லிய துணியில் ஒரு நாடா கிழித்து, நிலைப்படியில் பிடித்துப் பார்த்தாள். நாடா உள்பக்கமாகவே பறந்தது. உயர்த்திப் பிடித்தாள், தாழ்த்திப் பிடித்தாள், மூலைக்கு மூலை பிடித்தாள். எங்கே பிடித்தாலும் உள்ளேதான்.

"வீட்டுக்குள்ள ஒண்ணும் திரும்பி வராது," என்றார் அத்தான், பாதிக் குரலில்.

"தெரியுது."

சின்னு நடுவில் நின்றாள், உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல். பெரியவள் கூடத்திலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து, கதவு இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் வேணாம்னு சொல்லத்தாண்டி வந்தேன்," என்றாள்.

சின்னு திரும்பினாள்.

"காலையில எழுந்திரிக்கிறப்பவே முடிவு பண்ணிட்டேன். ஏதாவது ஒரு குறையைப் பிடிச்சு, அதைச் சாக்கா வெச்சு எல்லாத்தையும் தூக்கிடணும்னு. தேடித் தேடிப் பார்த்தேன், ஒண்ணும் சிக்கல. வேற வழியில்லாமத்தான் வெச்சுக்கோன்னு சொன்னேன். கடைசியில நீயா வந்து என் கையில குறையைக் குடுக்கிற."

"சொல்லாம இருக்க முடியலக்கா."

"தெரியும். கதவு திறக்கல, குழாய்ல ஓட்டை, நாளைக்குப் பார்த்துக்கலாம், அவங்களுக்குத் தெரிய வேணாம்... எங்க வார்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தாண்டி வர்றாங்க. வாயைத் திறந்து சொல்றவங்க வர்றதில்ல." அவள் நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "ம், உக்காரு. ஏத்து. நான் பார்க்கணும்."

சின்னு உட்கார்ந்தாள். பின்கழுத்தில் வீட்டுக் காற்று சில்லென்று பட்டது. மூக்குக்கண்ணாடியைப் போட்டாள், எதுவும் தெரியவில்லை, எல்லாம் கலங்கிக்கொண்டு வந்தது. கழற்றித் துடைத்தாள். போட்டாள். மறுபடியும் கலங்கியது. லைட்டரை எடுக்கப் போன கையைப் பின்னாலிருந்து அக்காவின் குரல் பிடித்து நிறுத்தியது.

"முதல்ல கண்ணைத் துடைடி. கண்ணுல தண்ணியோட நெருப்பு கிட்டப் போகக் கூடாது."